பத்துச் செக்கன்

சனிக்கிழமை காலை ஆறு மணி. மட்டக்குளியில், காக்கைதீவுக் கடற்கரைக்குப் போகிற பக்கம் ஒரு சிறிய மண்டபம். கதிரைகளைச் சுவரோடு அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். களனி கங்கை கடலில் விழும் இடம் கிட்டத்தான் என்பதால், சன்னலைத் திறந்ததும் உப்புக்காற்றும் மீன்வாடையும் சேர்ந்து உள்ளே வந்தன. இரண்டு நாள் யோகாசன முகாம். முதுகு நோகிறது என்று வந்தவர்கள், நித்திரை வரவில்லை என்று வந்தவர்கள், பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டதால் வந்த இரண்டு அன்ரிமார் என்று பதினெட்டுப் பேர் இருந்தோம்.

பயிற்சி தர வெள்ளவத்தையிலிருந்து வந்திருந்த மிஸ், உடனே ஆசனம் எதையும் தொடங்கவில்லை. இடது கை மணிக்கட்டில், பெருவிரல் பக்கமாக, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைத் தேடிப் பிடிக்கச் சொன்னார். எல்லோருக்கும் பிடிபடும்வரை காத்திருந்தார்.

“இப்ப ஆறுதலா மூச்சை உள்ளுக்கு எடுங்கோ. நாடி என்ன செய்யுது எண்டு மட்டும் பாருங்கோ. இனி, அதைவிட ஆறுதலா வெளியில விடுங்கோ.”

மூச்சு உள்ளே போகப் போகத் துடிப்புகள் ஒன்றையொன்று நெருங்கின. வெளியே விடத் தொடங்கியதும் அவற்றுக்கிடையே இடைவெளி விழுந்தது. மூச்சு முடிகிற இடத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே, இனி வராதோ என்று நினைக்கும் அளவுக்கு நீண்ட ஓர் அமைதி. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த ஒன்பது வருடமும் இதைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். விரலுக்கடியில் தொட்டு அறிந்தது அன்றைக்குத்தான். இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, தங்கள் மணிக்கட்டில் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். இளம் வயதினருக்குத் தெளிவாகவே தெரியும். வயது ஏற ஏற வேறுபாடு குறையும், ஆனாலும் பலருக்குப் பிடிபடும்.

ஜேர்மனிய உடற்றொழிலியலாளர் கார்ல் லுட்விக் 1847இலேயே நாய்களில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்துவிட்டார். காரணம் விளங்க இன்னும் பல தசாப்தங்கள் எடுத்தன. இதயத்துக்குத் தனக்கென்று ஒரு வேகம் உண்டு. நரம்புகள் எதுவும் தலையிடாமல் விட்டால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவை அடிக்கும். ஓய்வாக இருக்கும்போது நமக்கு 70 என்று காட்டுவதற்குக் காரணம், மூளைத்தண்டிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு அதை இழுத்துப் பிடித்திருப்பதுதான். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. மூச்சை உள்ளே எடுக்கும்போது மூளைத்தண்டு அந்தக் கயிற்றைச் சற்றுத் தளர்த்துகிறது. வெளியே விடும்போது இறுக்குகிறது. ஆகவே மூச்சை விடும் நேரத்தை நீட்டினால், கயிறு இறுகியிருக்கும் நேரமும் நீளும்.

அந்தக் கயிறு எதனால் ஆனது என்பதைக் கண்டுபிடித்த கதையை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டதில்லை. ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஒட்டோ லோவி என்பவருக்கு ஓர் இரவு கனவில் ஒரு பரிசோதனை தோன்றியது. எழுந்து ஒரு துண்டில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் அவரது எழுத்து அவருக்கே விளங்கவில்லை. அடுத்த இரவும் அதே கனவு வந்தது. இந்த முறை எழுதிக்கொண்டிருக்கவில்லை, நேரே ஆய்வுகூடத்துக்குப் போனார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அது மெதுவாகியது. அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத மற்ற இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகியது. அப்படியானால் நரம்பு ஏதோவொரு இரசாயனத்தைச் சுரக்கிறது! 1921இல் வெளியான அந்த ஆய்வுக்காக, அந்தப் பொருளை அசற்றைல்கோலின் என்று இனங்காண உதவிய ஹென்றி டேலோடு சேர்ந்து, 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அசற்றைல்கோலின் சுரந்த வேகத்திலேயே சிதைந்தும் போகும். அதனால்தான் ஒரேயொரு மூச்சின் ஏற்ற இறக்கத்தைக்கூட இதயம் உடனுக்குடன் பின்தொடர்கிறது. சுரந்தது நீண்ட நேரம் தங்குமானால், நம் விரலுக்கு எந்த வேறுபாடும் எட்டியிராது.

யோகம் பயின்றவர்கள் இதயத்தையே நிறுத்திக் காட்டுவார்கள் என்ற பேச்சும் நெடுங்காலமாக உண்டு. பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் புரோஸ் 1935இல் இந்தியாவுக்கு மின்னிதயப் பதிவுக் கருவியைக் கொண்டுவந்து இதைச் சோதித்தார். பிறகு அமெரிக்காவிலிருந்து வெங்கரும் பாக்சியும், டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தின் ஆனந்தும் சேர்ந்து இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்து 1961இல் முடிவை வெளியிட்டார்கள். நாடி மறைந்தது உண்மை. மார்பொலி கேட்காமல் போனதும் உண்மை. ஆனால் மின்பதிவில் இதயம் அடித்துக்கொண்டேதான் இருந்தது. மூச்சை அடக்கி, நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் தடைப்படுகிறது. வெறுமனே அடிக்கும் இதயத்திலிருந்து மணிக்கட்டுக்குத் துடிப்பு வந்து சேர்வதில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த முடிவு யோகத்தின் மதிப்பை ஒரு துளியும் குறைக்கவில்லை. இதயத்தை நேராக ஆள நமக்குக் கைப்பிடி கிடையாது. இரைப்பைக்கும் கிடையாது, இரத்தக் குழாய்க்கும் கிடையாது. தானாகவும் நடந்து, நாம் நினைத்தபடியும் நடக்கும் உயிர்த்தொழில் மூச்சு ஒன்றுதான். மற்றவற்றை எட்டுவதற்கு அந்த ஒரு வாசல்தான் திறந்திருக்கிறது.

சனிக்கிழமை முற்பகலில் பெரும்பாலும் ஆசனங்கள். கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிந்தபோது காலையில் என் விரல் கணுக்காலைத்தான் தொட்டது. மறுநாள் மாலை பெருவிரலைப் பிடித்துவிட்டேன். தசை நீண்டுவிட்டது என்று சந்தோசப்படத் தோன்றும். தசை அப்படி ஒன்றரை நாளில் நீளாது. வெப்ளர், மக்னசன் என்ற இரு ஆய்வாளர்கள் 2010இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்று முதல் எட்டு வாரம் நீட்டல் பயிற்சி செய்தவர்களிடம்கூட மாறியிருந்தது தசையின் நீளம் அல்ல, இழுவையை உணரும் விதம்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். போதும், இதற்குமேல் போகாதே என்று நரம்பு மண்டலம் போடும் எல்லைக்கோடு பின்னுக்கு நகர்கிறது. மூச்சை விட்டுக்கொண்டே குனியச் சொல்வது ஏன் என்றும் அன்றுதான் எனக்கு உறைத்தது. உடல் அச்சப்படாதபோது அந்தக் கோடு இலேசாக நகரும்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன் ஒரு சம்பவம் நடந்தது. கபாலபாதி செய்துகொண்டிருந்தோம். அது வயிற்றைச் சிறிது சிறிதாக உதறி மூச்சை வெளியே தள்ளும் பயிற்சி. உள்மூச்சு தானாக, கொஞ்சமாக வந்தால் போதும். எனக்கு முன்வரிசையில் இருந்த தம்பி ஒருவர் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நிறைய இழுத்து, முழுப் பலத்தோடு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, கை இரண்டையும் உதறினார். விரல் நுனி விறைக்கிறது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, தலை சுற்றுகிறது என்றார். மிஸ் அவரைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

“ஒட்சிசன் கூடிப்போச்சு போல,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பலரும் நம்புவது இதைத்தான். ஆரோக்கியமான ஒருவர் சும்மா இருக்கும்போதே அவரது இரத்தம் கொள்ளக்கூடிய ஒட்சிசனில் 97, 98 சதவீதம் ஏற்கெனவே ஏறியிருக்கும். எவ்வளவு இழுத்தாலும் கூடுவதற்கு அங்கே இடமில்லை. நடப்பது வேறு. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறுகிறது. அதைக் கழிவு என்றே நாம் படித்திருக்கிறோம். ஆனால் மூளையின் இரத்தக் குழாய்கள் எவ்வளவு விரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். இரத்தத்தில் அதன் அமுக்கம் ஒரு மில்லிமீற்றர் இறங்கினால் மூளைக்குப் போகும் இரத்தம் ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம் குறையும். ஒட்சிசனைத் தேடி இழுக்க இழுக்க மூளைக்குக் கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது. கூடவே இரத்தத்தின் காரத்தன்மை ஏறி, அதில் தனித்து உலாவும் கல்சியம் அயன்கள் குறைய, நரம்புகள் காரணமில்லாமல் துடிக்கத் தொடங்கும். அந்தத் தம்பியின் உதட்டில் ஊர்ந்த எறும்பு அதுதான்.

மெதுவான மூச்சில் இந்தக் குழப்பம் ஏன் வருவதில்லை? ஒரு சாதாரண மூச்சில் அரை லீற்றர் காற்று உள்ளே போகிறது. அதில் 150 மில்லிலீற்றர் அளவு மூக்கு, தொண்டை, வாதனாளி ஆகியவற்றில் நின்றுவிட்டு, இரத்தத்தைச் சந்திக்காமலே திரும்பிவிடும். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால், உள்ளே போகும் ஏழரை லீற்றரில் பயன்படுவது ஐந்தேகால் லீற்றர். அதையே ஒரு லீற்றர் வீதம் 6 மூச்சாக எடுத்தால், ஆறு லீற்றரில் பயன்படுவது 5.1 லீற்றர். ஏறத்தாழ அதே பயன், குறைந்த காற்றில். பிரிமென்றகடு நன்றாகக் கீழிறங்கி, சுவாசப்பையின் அடிப்பாகம்வரை காற்று போவதால் கிடைக்கும் ஆதாயம் இது. இரண்டு முறையிலும் காபனீரொட்சைட்டின் அளவும் ஏறக்குறையக் குலையாமல் நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எங்களை இந்த ஆறு மூச்சுக்குக் கொண்டுவந்தார் மிஸ். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் சொல்லும் கணக்கை முதலில் சொன்னார்: பூரகம் பதினாறு, கும்பகம் அறுபத்து நாலு, இரேசகம் முப்பத்திரண்டு. ஒரு மாத்திரையை ஒரு செக்கன் என்று வைத்தால்கூட ஒரு மூச்சுக்கு 112 செக்கன். “அது ஆண்டுக்கணக்கா சாதகம் செய்தவைக்கு. நீங்கள் அதில ஒண்டை மட்டும் எடுங்கோ. உள்ளுக்கு எடுக்கிறதைவிட வெளியில விடுறது நீளமா இருக்கவேணும்.” நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. அடக்குவது இல்லை. ஒரு மூச்சு பத்துச் செக்கன்.

ஏன் பத்து? இந்த எண்ணுக்குப் பின்னால்தான் இரண்டு நாளிலும் என்னை மிகவும் கவர்ந்த விஞ்ஞானம் இருக்கிறது.

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ஏறும் நாடிகளிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும், இரத்த அழுத்தத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் கூடினால் அவை மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பும். மூளைத்தண்டு இதயத்தை மெதுவாக்கி, குழாய்களைத் தளரவிடும். குறைந்தால் மறுபக்கமாக. இதில் இதயத்துக்குப் போகும் கட்டளை உடனே பலிக்கும். குழாய்களைச் சுருக்கும் கட்டளை வேறு வகை நரம்புகளால் போவதால் பலிக்கச் சில செக்கன்கள் எடுக்கும். தாமதமாக வரும் திருத்தம் எப்போதும் கொஞ்சம் மிஞ்சிப்போகும். அதைத் திருத்த இன்னொன்று, அதுவும் மிஞ்சிப்போகும். இப்படி நம் இரத்த அழுத்தம் நாள் முழுவதும் ஏறத்தாழப் பத்துச் செக்கனுக்கு ஒரு தடவை சின்னதாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. சிக்மண்ட் மேயர் என்பவர் 1876இல் விபரித்ததால் அவர் பெயரிலேயே அதை மேயர் அலை என்கிறார்கள்.

ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை எப்போது தள்ளினால் உயரப் போகும் என்பது தள்ளிப் பழகிய கைக்குத் தெரியும். ஊஞ்சல் தானாக வந்து திரும்புகிற கணத்தில் ஒரு விரல் பட்டாலே போதும். மூச்சும் பத்துச் செக்கனுக்கு ஒன்றாக வந்தால், உடம்புக்குள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் அந்த ஊஞ்சலை அது சரியான கணத்தில் தள்ளுகிறது. நாடியின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. அழுத்தம் சற்று மாறினாலும் இதயம் விரைந்து ஈடுகொடுக்கிறது. ஞாயிறு காலை என் விரலுக்கடியில் கிடைத்த அலை, முதல் நாள் கிடைத்ததைவிடப் பெரிது. கற்பனையோ என்று மூன்று தடவை திரும்பச் செய்து பார்த்தேன். பெரிதுதான்.

இத்தாலியில் லூசியானோ பெர்னார்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் 23 பேரை உட்காரவைத்து இதை அளந்தார்கள். ஆய்வு 2001 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்தது. அவர்களுக்குக் கொடுத்த வேலைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, பௌத்தர்களின் மணி மந்திரம். மற்றது, செபமாலையில் சொல்லும் மங்கள வார்த்தை, லத்தீன் மொழியில். வழிநடத்துபவர் முதற்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்லும் பழைய முறையிலேயே சொல்லவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு வந்து நின்றது. யாரும் அவர்களை மூச்சை எண்ணச் சொல்லவில்லை. தன் பாதியைச் சொல்ல ஒரு வெளிமூச்சு, மற்றவர் சொல்லும்போது ஓர் ஓய்வும் உள்மூச்சும் என்று வாக்கியத்தின் நீளமே அதைச் செய்துவிட்டது. அழுத்தத்துக்கு இதயம் ஈடுகொடுக்கும் திறன் 9.5 அலகிலிருந்து 11.5க்கு உயர்ந்தது. மணிமாலை கிழக்கிலிருந்து அரேபியர் வழியாகவும் சிலுவைப்போர் வீரர் வழியாகவும் ஐரோப்பாவுக்குப் போயிருக்கலாம் என்ற எண்ணத்தையும் ஆய்வாளர்கள் அதில் எழுதியிருக்கிறார்கள். அது அவர்களின் ஊகம். எண்கள் அளந்தவை.

மட்டக்குளியில் இதை நினைத்துக்கொண்டு நடப்பது தனி அனுபவம். ஒரே வீதியில் கோயில் மணி, பள்ளிவாசலின் பாங்கு, தேவாலயத்தின் செபம், பன்சலையின் பிரித் ஒலி எல்லாம் கேட்கிற பகுதி இது. 108 மணி உருட்டுகிறவரும், 99 மணி உருட்டுகிறவரும், 53 மங்கள வார்த்தை சொல்லுகிறவரும் ஒரே பஸ்ஸில் ஏறுகிறார்கள். அவரவர் நம்பிக்கையை இந்த அளவீடு விளக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல விருப்பமும் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப, சேர்ந்து, ஆறுதலாகச் சொல்லும் பழக்கத்தை உருவாக்கிய மனிதர்கள் தங்கள் உடம்பை மிகக் கவனமாகக் கேட்டிருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

பிராமரி செய்ததும் ஞாயிறுதான். வாயை மூடி வண்டுபோல் முரலும் பயிற்சி. வெளிமூச்சைத் தானாகவே நீட்டிவிடுகிறது. அதோடு இன்னொன்றும் நடக்கிறது: மூக்கைச் சுற்றியுள்ள குடாக்களில் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு சுரக்கிறது, முரலும் அதிர்வில் அது மூக்குக்குள் வெளிப்படுவது 15 மடங்காகக் கூடுகிறது என்று சுவீடனில் வைட்ஸ்பேர்க்கும் லுண்ட்பேர்க்கும் 2002இல் அளந்து காட்டினார்கள்.

எல்லாவற்றையும் நான் அப்படியே ஏற்றுக்கொண்டு வரவில்லை. வியர்வையால் உடம்பின் நஞ்சு வெளியேறும் என்று முகாமில் ஒருவர் மிகுந்த நம்பிக்கையோடு சொன்னார். கொழும்பின் ஈரப்பதத்தில் வியர்ப்பதற்குக் குறைவே இல்லை. ஆனால் வியர்வை என்பது பெரும்பாலும் நீரும் உப்பும்தான், வேலை உடம்பைக் குளிரவைப்பது. கழிவகற்றும் பெரும் பணி ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. சிரசாசனம் ஏன் சொல்லித்தரவில்லை என்று இன்னொருவர் கேட்டபோது, மிஸ் கண்ணைப் பற்றிப் பேசினார். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சிரசாசனம் பழகிய 75 பேரில் கண்ணினுள் அழுத்தத்தை அளந்து 2006இல் வெளியிட்டார்கள். தலைகீழாக நிற்கும்போது அது இரண்டு மடங்காகியிருந்தது. குளுக்கோமா உள்ளவருக்கு, அல்லது இருப்பது தெரியாதவருக்கு, அது சிறிய விடயமல்ல. முதுகு நோவுக்கு வந்தவர்களுக்காக இதையும் சொல்லவேண்டும். 12 பரிசோதனைகள், 1080 பேர் என்று தொகுத்த 2017ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வின்படி, உடற்பயிற்சி எதுவும் செய்யாமல் இருப்பதைவிட யோகாசனம் நாட்பட்ட இடுப்பு நோவுக்காரரின் நடமாட்டத்தைச் சிறிதளவு முதல் ஓரளவு வரை மேம்படுத்துகிறது. வேறு உடற்பயிற்சிகளைவிட மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. சிலருக்கு நோவு கூடவும் செய்தது. மெதுவான மூச்சு இரத்த அழுத்தத்தைச் சில மில்லிமீற்றர் குறைக்கலாம். அதை நம்பிக் குளிசையை நிறுத்தக்கூடாது.

குளிசை என்றதும் அம்மாதான் நினைவுக்கு வந்தார். ஞாயிறு மாலை பஸ் எடுத்து, முகத்துவாரம் கடந்து, கொட்டாஞ்சேனையில் வீட்டுக்கு வந்தபோது ஆறரை. அம்மா சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றிவிட்டு இருந்தார். எழுபத்தேழு வயது. நான் பிறக்கும் முன்பிருந்தே ஒரு நாளும் விடாத செபமாலை. அவர் முதற்பாதியைச் சொல்ல, நான் மறுபாதியைச் சொல்வேன். சிறுவயதில் இந்த நேரத்தில் நான் நித்திரை தூங்கிவிழுவேன். அம்மாவுக்குக் கோபம் வரும்.

பெர்னார்டி அளந்தது லத்தீன். தமிழில் எவ்வளவு? போனில் நேரமானியை அழுத்திவிட்டு அம்மாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். அம்மா முதல் பாதியை ஒரே மூச்சில் சொன்னார். நான் மறுபாதியைத் தொடங்கியதும் அவர் தோள்கள் மெல்ல உயர்ந்தன. நான் முடிக்கும்போது அவர் விரல் அடுத்த மணிக்கு நகர்ந்துவிட்டிருந்தது. மறுபடி சொன்னார். என் விரல்கள் என் மணிக்கட்டில் இருந்தன. அம்மா சொல்லும்போது என் துடிப்பு நெருங்கியது, நான் சொல்லும்போது விரிந்தது. பத்து மணியும் முடிய ஒரு நிமிடமும் ஐம்பத்திரண்டு செக்கனும். மணி ஒன்றுக்குப் பதினொரு செக்கனும் கொஞ்சமும்.

அம்மா ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, பிரஷர் பாக்கிறியா?”

“இல்லையம்மா. நீங்க அடுத்த பத்தைத் தொடங்குங்க.”